கேட்காமல் வெட்டிய முந்திரிகை

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற நகரில் என் அத்தான் செல்வரட்ணத்தின் வீட்டுப் பின்வளவில் ஒரு முந்திரிகைக் கொடி நிற்கிறது. கடைகளில் திராட்சை என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தாருக்கு அது முந்திரிகை. வேலியைப் பிடித்து, கராஜ் கூரையைப் பிடித்து, இப்போது பக்கத்து வீட்டுக்காரரின் உடுப்புக் காயப்போடும் கம்பியையும் எட்டிப் பிடித்துவிட்டது. இலையென்றால் அப்படி ஒரு இலை. பழம் மட்டும் இல்லை. போன வருடம் ஒரே ஒரு குலை வந்தது. அதையும் குருவி தின்றுவிட்டது.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அத்தானைப் பகிடி பண்ணிவிட்டுப் போவார்கள். உரும்பிராயில் முந்திரிகைப் பந்தல் போட்டு, வருடத்துக்கு இரண்டு தரம் பழம் இறக்கி யாழ்ப்பாணம் பெரிய கடைக்கு அனுப்பிய மனிதன், கனடாவில் இலை வளர்க்கிறார் என்று சிரிப்பார்கள். அத்தானும் சேர்ந்து சிரிப்பார். வெட்டினால்தான் முந்திரிகை காய்க்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இந்த நாட்டில் அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வசனமே அதுதான். பிறகேன் வெட்டுவதில்லை என்பதற்கு ஒரு கதை உண்டு. அந்தக் கதையில் வரும் பியெரினாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற துணிவில் எழுதுகிறேன்.

நான் அத்தானின் மனைவி மங்கையற்கரசிக்குத் தங்கை. பெயர் யோகராணி, அத்தானுக்கு யோகம். கலியாணம் செய்யவில்லை, ஆகவே ஊரில் பாதிப்பேருக்கு என்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. எனக்கும் அவர்களைப் பற்றி உண்டு. அத்தானைப் பற்றி என் அபிப்பிராயம் ஆரம்பத்தில் அவ்வளவு நல்லதல்ல. பெரிய வாய்க்காரர். ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் சோறு அவிந்த பதத்திலிருந்து ஐயர் மந்திரம் சொன்ன வேகம் வரைக்கும் அவருக்குத் திருத்தம் சொல்ல இருக்கும். யாராவது "ஓம், நீங்கள் சொல்லுறது சரி" என்று தலையாட்டினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

தொண்ணூற்றிரண்டில் மகன் கீதன் ஸ்பொன்சர் செய்து தாய் தகப்பனைக் கூப்பிட்டான். அத்தானுக்கு மட்டை மடித்துப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பின்னேர வேலை கிடைத்தது. மட்டையை எப்படிப் பிடிப்பது, எங்கே மடிப்பது, எப்போது ஒன்றுக்குப் போவது என்று எல்லாவற்றையும் கீதனின் வயதுப் பெடியன் ஒருவன் சொல்லிக்கொடுப்பான். மாதக்கணக்காக ஒருவர்கூட அவரிடம் ஒரு யோசனை கேட்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆம்பிளைக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறு வேண்டாம். மனிதர் மெலிந்துபோனார். வீட்டில் கதைகூடக் குறைந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்த வருடம் கோடை தொடங்கும்போது, முன்பே இங்கே வந்திருந்த என்னையும் சேர்த்து நாங்கள் கீல் வீதிக்கு மேற்கே, இத்தாலியர் நிறைந்த ஒரு ரோட்டில் பேஸ்மென்ற் ஒன்றுக்குக் குடிபோனோம். மேலே வீட்டுக்காரர்கள், தொனாத்தோவும் மனைவி பியெரினாவும். தொனாத்தோ ஒரு காலத்தில் கட்டட வேலை செய்தவர். ரொறன்ரோவின் பாதிச் சீமெந்து தன் புருசன் குழைத்தது என்று பியெரினா சொல்வார். அத்தானுக்கு ஏற்ற சோடிதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் நாங்கள் வருவதற்கு முந்திய மாரியில், இந்த ஊர்ப் பனிக்காலத்தில், தொனாத்தோவைப் பாரிசவாதம் அடித்துவிட்டது. வலப்பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சும் அடியோடு போய்விட்டது. மிச்சம் இடது கை ஒன்றுதான். அந்தக் கையால் கதிரையின் மரக் கைப்பிடியில் தட்டுவார். பசித்தாலும் தட்டு, கோப்பி நன்றாக இருந்தாலும் தட்டு, வெயில் கண்ணில் அடித்தாலும் தட்டு. மனிதருக்கு இருந்த ஒரே பாஷை அது. எது எதற்கென்று பியெரினா முகத்தைப் பார்த்துச் சொல்வார்.

பின்வளவில் ஒரு மாதா சிலை, தக்காளிப் பாத்தி, அதற்கப்பால் இரும்புக் குழாய்ப் பந்தலில் ஒரு முந்திரிகை. தொனாத்தோ கப்பலில் வந்தபோது கோட்டின் உட்பக்கத்தில் குச்சியாக வைத்துக் கொண்டுவந்த இனம். கறுத்த பழம். பியெரினாவின் தம்பி மிசிசாகாவிலிருந்து சித்திரையில் வந்து கொடியைத் தூக்கிப் பந்தலில் போட்டுவிட்டுப் போனவர், பிறகு எட்டிப்பார்க்கவில்லை. கொடி சிக்குப்பிடித்த தலைமயிர் போலக் கிடந்தது. தொனாத்தோ பகல் முழுவதும் அதற்கு முன்னால்தான் இருப்பார்.

குடிவந்த முதல் கிழமையே அத்தான் கொடிக்குக் கீழே போய் நின்றார். இலையைத் திருப்பிப் பார்த்தார். தண்டை நகத்தால் கீறிப் பார்த்தார். பியெரினா சமையலறை ஜன்னலால் தலையை நீட்டி, உனக்கு இது தெரியுமா என்று கேட்டார்.

"யோகம், சொல்லும்," என்றார் அத்தான். "உரும்பிராயில எத்தினை பரப்பு வச்சிருந்தனான் எண்டு சொல்லும்."

பரப்பு என்ற எங்கள் நில அளவைக்கு ஆங்கிலம் எனக்குத் தெரியவில்லை. இவர் முந்திரிகைத் தோட்டக்காரர் என்று மட்டும் சொன்னேன். பியெரினா மாதா சிலையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். கீழே இறங்கி வந்து அத்தானின் கையைப் பிடித்துத் தொனாத்தோவிடம் கூட்டிக்கொண்டு போய், இத்தாலிய பாஷையில் ஏதோ மளமளவென்று சொன்னார். தொனாத்தோ அத்தானை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கைப்பிடியில் மெல்ல இரண்டு தட்டு.

"சம்மதிக்கிறார்," என்றார் பியெரினா. "இனி இது உன் கையில்."

அன்றைக்கு அத்தான் அக்காவிடம் இரண்டாவது தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தக் கோடை முழுவதும் மனிதர் புதுப்பிறவி எடுத்தவர் மாதிரித் திரிந்தார். காலையில் கொடியடியில்தான் பல் தீட்டுவார். வேரைச் சுற்றிக் கொத்தி, கடையில் மூட்டையாக விற்கும் ஆட்டெருவை வாங்கிவந்து போட்டார். கொப்புகளைச் சிக்கெடுத்து, அக்காவின் பழைய சேலையைக் கிழித்துக் குழாயோடு குழாயாகக் கட்டினார். மத்தியானம் வேலைக்கு வெளிக்கிட முன்னர் இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு போய்த் தொனாத்தோவுக்குப் பக்கத்தில் இருப்பார். ஒன்றைத் தான் குடித்துக்கொண்டு மற்றதை அவருக்குப் பருக்குவார். வாய் ஓயாமல் தமிழில் கதை. தொனாத்தோ கேட்டுக்கொண்டிருப்பார். இடைக்கிடை ஒரு தட்டு.

"பாத்தீரோ, யோகம்? விளங்குது அவருக்கு," என்பார் அத்தான். "முந்திரிகைக்காரனுக்கு முந்திரிகைக்காரன் சொன்னா விளங்கும்."

"அத்தான், அந்த மனுசனுக்கு எழும்பிப் போகக் கால் இல்லை. அதாலதான் உங்கட கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்," என்றேன் நான். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தானுக்குக் கோபம் வரவில்லை. சந்தோசமாக இருக்கிற ஆளுக்குக் கோபம் எங்கே வரும்?

புரட்டாதியில் பழம் இறக்கினோம். தொனாத்தோ நன்றாக இருந்த காலத்தில்கூட இவ்வளவு காய்த்ததில்லை என்று பியெரினா சொன்னார். முதல் குலையை அத்தான் கொண்டுபோய்த் தொனாத்தோவின் மடியில் வைத்தார். அவர் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டு, தோலைத் துப்பி, கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியில் தட்டினார். அது சந்தோசத்தின் தட்டு. எந்த மடையனுக்கும் விளங்கும். அந்தத் தட்டுத்தான் அத்தானின் தலைக்குள் போய் ஏறிக்கொண்டது என்று இப்போது நினைக்கிறேன்.

இங்கேதான் ஒன்றை விளக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் முந்திரிகைக்கு உறைபனியும் இல்லை, உறக்கமும் இல்லை. பழம் இறக்கியதும் கொப்பை ஒட்ட வெட்டி, இலையை உருவி, தண்ணீர் விட்டால் பத்துப் பதினைந்து நாளில் புதுத்தளிர் வரும். அந்தத் தளிரில்தான் அடுத்த காய். வெட்டாமல் விட்டால் கொடி சோம்பேறியாகிவிடும் என்பார்கள். அடியில் நிலத்தோடு கிளம்புகிற கொப்புகளை விடவே கூடாது. அவை காய்க்காமல் சத்தை உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். அத்தான் அவற்றுக்கு ஓசிச் சாப்பாட்டுக் கொப்புகள் என்று பெயர் வைத்திருந்தார். தொனாத்தோவின் கொடியடியில் அப்படி மூன்று நான்கு நீளமான கொப்புகள், பாம்பு படுத்த மாதிரி நிலத்தில் கிடந்தன. கோடை முழுவதும் அத்தானின் கண்ணை அவை உறுத்திக்கொண்டே இருந்தன.

"பனி வர முதல் ஒருக்கா வெட்டிவிட்டா, தளிர் விட்டுத் தெம்பா நிக்கும்," என்றார் அத்தான். "பட்டினியோட ஆரும் குளிருக்குள்ள போறதே?"

எங்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. கேட்கிறவர்களுக்கு நியாயமாகப் படும்படி பேசுவது அவருக்குக் கைவந்த கலை.

அன்று சனிக்கிழமை. நல்ல வெயில். நான் பேஸ்மென்ற் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பேஸ்மென்ற் ஜன்னல் நிலத்தோடு நிலமாக இருக்கும். அதால் பார்த்தால் ஆட்களின் கால்தான் தெரியும். ஒரு பக்கத்தில் தொனாத்தோவின் கம்பளிச் செருப்புகள் தெரிந்தன. கொடியடியில் அத்தானின் முழங்கால்கள். பந்தலிலிருந்து இலையும் கொப்புமாக விழுந்துகொண்டிருந்தன. மேல்வேலை முடித்து அத்தான் குந்தியிருந்து அடியில் கை வைத்தபோதுதான் தட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

ஒன்று, இரண்டு, பிறகு விடாமல். கதிரை ஆடி அதன் கால்கள் சீமெந்தில் கிறீச்சிடும் அளவுக்குத் தட்டு. செருப்பு போட்ட கால் ஒன்று உதறியது. அத்தானின் குரல் கேட்டது: "ஓமோம், பாருங்கோ! உரும்பிராய் வெட்டு உது!" கத்தரிச் சத்தம் இன்னும் வேகமானது. அவர் தட்டத் தட்ட, இவர் வெட்டினார்.

மேலே பியெரினா ஜன்னலைத் திறந்து சிரித்தபடி ஏதோ கூப்பிட்டுச் சொன்னார். அவர் மாப் பிசைந்த கையோடு இறங்கி வர, நானும் வெளியே போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தொனாத்தோவின் கன்னமெல்லாம் கண்ணீர். பாரிசவாதம் வந்ததிலிருந்து அவர் எதற்கும் அழுவார், கோயில் மணிக்கும் அழுவார், தொலைக்காட்சியில் நாய்க்குட்டி வந்தாலும் அழுவார். பியெரினா ஏப்ரனால் அவர் முகத்தைத் துடைத்து, அத்தானின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

சொன்னபடியே தளிர் வந்தது. ஐப்பசிக் குளிரில் அயலெல்லாம் இலை பழுத்துக் கொட்ட, எங்கள் வளவில் மட்டும் முந்திரிகை இளம்பச்சையாக நின்றது. அத்தான் கண்டவர் நிண்டவரையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். தொழிற்சாலைப் பெடியன்கூட வந்து பார்த்தான். தொனாத்தோவைத்தான் காணவில்லை. குளிர் என்று பியெரினா அவரை வெளியே விடவில்லை. அவர் உள்ளே ஜன்னலடியில் இருந்தார். பிறகு ஒரு காலையில் தளிரெல்லாம் அவித்த கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கியது. உறைபனி. "பரவாயில்லை, மரம் இருக்குத்தானே," என்றார் அத்தான். குரலில் பழைய எடுப்பு இல்லை.

கார்த்திகையில் பியெரினா பழைய கம்பளிகளையும் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். நானும் அத்தானும் கூடப் போனோம். அவர் பந்தலைப் பார்த்தார், தண்டைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார்.

"படுக்கிறவை எங்கே?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் கையைச் சாய்த்து, குழந்தையைப் படுக்கவைத்துப் போர்த்துவது போலச் செய்துகாட்டினார். அப்போதுதான் மெல்ல மெல்ல விளங்கியது. அந்தக் கொடி கனடாக் குளிருக்குப் பிறந்ததல்ல. அதனால் தொனாத்தோ ஒவ்வொரு வருடமும் அடியிலிருந்து நாலு இளங்கொப்புகளை வெட்டாமல் நீள விடுவார். கார்த்திகையில் பந்தலுக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டி அவற்றை வளைத்துப் படுக்கவைத்து, கம்பளி போர்த்து, மண் மூடுவார். மேலே நிற்கிறது குளிரில் செத்தாலும் கீழே படுத்தது பிழைக்கும். சித்திரையில் அதை எழுப்பிப் பந்தலில் போடுவார். பியெரினாவின் வேலை கம்பளி கொடுப்பது மட்டும். கொப்புகளை எப்படி வைப்பது என்பது தொனாத்தோவுக்குத்தான் தெரியும். சொல்லத்தான் அவரிடம் வாய் இருக்கவில்லை.

நான் இதையெல்லாம் தமிழில் சொல்லச் சொல்ல அத்தான் கொடியடியில் தான் வெட்டிய காயங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேலே ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் தொனாத்தோ இருந்தார். அத்தான் உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

தடித்த தண்டை வளைக்கப் பார்த்தோம். முறிகிற சத்தம் கேட்டது, விட்டுவிட்டோம். நின்ற நிலையிலேயே அதற்குக் கம்பளி சுற்றினார் அத்தான். போதாதென்று கார்ப்பெற் துண்டு சுற்றினார். அதுவும் போதாதென்று அக்காவின் நூற்சேலை இரண்டைக் கேட்டு வாங்கிச் சுற்றினார். கண்டாங்கிக் கரையோடு ஒரு முந்திரிகை பனிக்குள் நின்றது. வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். பியெரினா அவரைத் தேற்றினார், கிழட்டுக் கொடி, கிழட்டு மனிதர்கள், போகிறது விடு என்றார். கோபிக்கவே இல்லை. அவர் திட்டியிருந்தால் அத்தானுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

அந்த மாரி பொல்லாத மாரி. மூக்குக்குள் மயிர் உறையும் குளிர். அத்தான் தேத்தண்ணிக் கோப்பையோடு மேலே போவதை நிறுத்திவிட்டார். வேலைக்கு வெளிக்கிடும்போதுகூடப் பின்வளவுப் பக்கம் போகாமல், ஜன்னலில் படாமல், சுவரோடு ஒட்டிப் போவார். ஒரு முறை பியெரினா என்னிடம் கேட்டார், ஏன் உன் அத்தான் வருவதில்லை, தொனாத்தோ மத்தியானமானால் கதவைப் பார்க்கிறார் என்று. நான் அத்தானிடம் சொன்னேன்.

"போவம், போவம்," என்றார். "கொடி தளிர்க்கட்டும். வெறுங்கையோட எப்பிடிப் போறது?"

பங்குனியில், பனி கரையத் தொடங்கிய கிழமை, தொனாத்தோ உறக்கத்திலேயே போய்விட்டார். கொடி இன்னும் சேலைக்குள் நின்றது.

மரணச்சடங்கு மண்டபத்துக்கு அத்தானும் நானும் போனோம். பெரிய கூட்டம். எல்லாரும் கறுப்புக் கோட்டு. அத்தான் கீதனின் கோட்டைப் போட்டிருந்தார், கை நீளம். பியெரினா அவரைக் கண்டதும் எழும்பி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தம்பிமார், மருமக்கள், அவர்களின் பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டார். "இவர்தான்," என்றார். "இவர் கொடி வெட்டிய நாள் தொனாத்தோ கைதட்டினார். நான் குசினியிலிருந்து கேட்டேன். நோய் வந்த பிறகு அவர் அவ்வளவு சந்தோசப்பட்டது அந்த ஒரு நாள்தான். அழுதார், அவ்வளவு சந்தோசம்." ஒவ்வொருவராக வந்து அத்தானின் கையைக் குலுக்கினார்கள். ஒரு கிழவர் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். அத்தான் ஒவ்வொருவருக்கும் "தாங்யூ, தாங்யூ" என்றார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

திரும்பி வரும்போது கீல் பஸ்ஸில் பின் இருக்கையில் இருந்தோம். அத்தான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கைதட்டேல்லை, யோகம்."

"தெரியும், அத்தான். வெட்டாதை எண்டு சொல்லியிருக்கிறார். உங்களுக்கு விளங்கேல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தனீங்கள். என்ன செய்யிறது?"

"முழுக்க அப்பிடியில்லை." "ரெண்டு கொப்பு வெட்டின பிறகு ஒருக்காத் திரும்பிப் பாத்தனான். முகம் சரியில்லை. எனக்குத் தெரிஞ்சது. இந்த ஆள் வேண்டாம் எண்டுது எண்டு மனம் சொன்னது. அப்ப இன்னும் ரெண்டு கொப்பு நிண்டது, யோகம். அது போதும் எல்லே, படுக்க வைக்க? எனக்கு... வெள்ளைக்காரனுக்கு முந்திரிகையைப் பற்றி என்ன தெரியும் எண்டு நினைச்சன். கத்தரியை வச்சிட்டு ஒருக்கா, வெட்டட்டோ எண்டு கேட்டிருக்கலாம். கையாலயாவது கேட்டிருக்கலாம். மாதக்கணக்கா என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை எண்டு அழுத நான், அந்த மனுசனைக் கேக்கேல்லை."

அவருடைய நீளமான கோட்டுக் கையை மடித்துவிட்டேன்.

"பியெரினாட்டச் சொல்லவேணும்," என்றார் இறங்கும்போது.

சித்திரையில் சேலையை அவிழ்த்தோம். அயல்வீட்டு முந்திரிகையை வெட்டியபோது வெட்டுவாயிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. உயிருள்ள கொடி அந்த நேரத்தில் அப்படித்தான் அழும். அத்தான் எங்கள் கொடியில் ஒரு நுனியை வெட்டிவிட்டு விரலை வைத்துக்கொண்டு நின்றார். விரல் காய்ந்தபடி இருந்தது. இன்னும் கீழே வெட்டினார். காய்ந்த விறகு. வைகாசி முழுவதும் அப்படியே போயிற்று.

ஆனி நடுவில், நாங்கள் எல்லாரும் கைவிட்ட பிறகு, நிலத்துக்குக் கீழிருந்து பேனை அளவில் ஒரு முளை வந்தது. அடிக்கொப்பு. அவர் ஓசிச் சாப்பாடு என்று சொன்ன அதே சாதி. அத்தான் என்னைக் கூப்பிட்டார். "யோகம், வாரும். பியெரினாவைக் கூட்டிக்கொண்டு வாரும். இண்டைக்கு எல்லாத்தையும் சொல்லுவம். நான் சொல்லுறன், நீர் இங்கிலீசில சொல்லும்."

பியெரினா கறுப்புச் சட்டையோடு இறங்கி வந்தார். முளையைப் பார்த்தார். முழங்காலில் நின்று அதைத் தொட்டார். எழும்பித் தொனாத்தோவின் வெறுங்கதிரையில் இருந்தார். அது இன்னும் அங்கேயேதான் கிடந்தது. அத்தான் தொண்டையைச் செருமினார். அதற்குள் பியெரினா கைப்பிடியில் தட்டத் தொடங்கிவிட்டார். சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் தட்டினார்.

"இப்படித்தான்," என்றார். "உனக்கு ஞாபகம் இருக்கா? இப்படித்தான் அவர் உனக்குத் தட்டினார். ஒவ்வொரு நாளும் படுக்கும்போது அந்தச் சத்தத்தை நினைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது, கொடி பிழைக்குமென்று."

நான் அத்தானைப் பார்த்தேன். மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர் வாய் திறந்திருந்தது. வாழ்நாளில் ஒரு சொல்லை உள்ளே வைத்திருக்கத் தெரியாத மனிதர். திறந்த வாயை மூடினார். பிறகு தலையை ஆட்டி, "யெஸ்," என்றார். "யெஸ், யெஸ்."

அவர் செய்தது சரியா பிழையா என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. சொல்லியிருந்தால் அவருக்கு ஆறியிருக்கும். அந்த மனுசிக்கு ஒன்றும் மிஞ்சியிராது. தன் ஆறுதலுக்காக அவளுடையதைப் பறிக்க அவருக்கு மனம் வரவில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான். ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலையையும் நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கார்த்திகையிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்தக் கொப்பை அத்தானே படுக்கவைத்தார். அது தடித்து, அடியில் இன்னும் இரண்டு விட்டது. கீதன் மார்க்கத்தில் வீடு வாங்கி எங்களைக் கூட்டிக்கொண்டு போனபோது, பியெரினா அதிலொன்றை வேரோடு கிண்டி ஈரக் கடதாசியில் சுற்றித் தந்தார். அதுதான் இந்தக் கொடி. கார்த்திகையில் அதற்கும் கம்பளி உண்டு, மண் உண்டு, எல்லாம் உண்டு. வெட்டுத்தான் இல்லை. வெட்ட மாட்டார், வேறு ஆளை வெட்டவும் விட மாட்டார். சித்திரையில் வெட்டினால் ஒன்றும் ஆகாது, வெட்டத்தான் வேண்டும் என்று அவருக்கே தெரியும். கீதன் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டான்.

இந்தச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குசினி ஜன்னலால் பார்த்தேன். மார்க்கத்து ஜன்னலில் ஆள் முழுதாகத் தெரியும். அத்தான் கத்தரியை எடுத்துக்கொண்டு கொடிக்கு முன்னால் நின்றார். சரி, இந்த முறை வெட்டப்போகிறார் என்று நினைத்து நான் சத்தம் போடாமல் நின்றேன். அவர் ஒரு கொப்பைப் பிடித்தார். கத்தரியைக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு முகத்தைத் திருப்பி, வெறும் புல்தரையைப் பார்த்து, மெல்லக் கேட்டார்.

"வெட்டட்டோ?"

கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டில் யாரோ காரை எடுத்தார்கள். அத்தான் கொப்பை விட்டுவிட்டு, கத்தரியை உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, கராஜுக்குள் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார்.